கடல் கேட்ட அக்கா

முதல் நாள் அவர் என்னிடம் மீன் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார்.

அப்போது நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு குப்பத்தில் விடியலில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, செங்கல்பட்டு வழியாக உத்திரமேரூருக்குக் கொண்டுவந்து இறக்கும் வேலை. வண்டி வேறொருவருடையது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, திருப்பதியில் ஓட்டல், வடக்கே லாரி கிளீனர் என்று கிடைத்ததைச் செய்தேன். ஓர் ஊரில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு நாள் முழுக்க ஓடுகிற அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. வண்டியிலேயே தூங்கிக்கொள்வேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய வயது, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், முழங்கை வரை அரிசி மாவு காய்ந்திருந்தது.

“தம்பி, கடல்ல இருந்து மீனு மட்டும்தான் எடுத்துக்கினு வருவியா? தண்ணி எடுத்துக்கினு வர மாட்டியா?”

“எதுக்குக்கா? வேண்டுதலா?”

“இல்லப்பா. வூட்ல கடல் மீனு வளக்கப் போறன்.”

“எவ்ளோ வேணும்?”

“ஒரு ரெண்டாயிரம் லிட்டரு.”

காய் வாங்கிவிட்டுக் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கிற குரலில் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. “யோசிச்சி சொல்லு. நாளைக்கும் இங்கதான வருவ” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நான்காவது நாள் நான் குப்பத்தில் நான்கு நீலக் கேன்களை இரவல் வாங்கி, படகுக்காரரிடம் சொல்லி அலைக்கு அப்பால் தெளிந்த தண்ணீராக நிரப்பி வாங்கி, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கேட்ட விதம் அப்படி.

ஊரில் அவரை மாவக்கா என்பார்கள். வீட்டின் பின்கட்டில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்பவர். கணவர் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் ஃபிட்டர். வாரத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் அதிகம் பேச மாட்டார். மாலையானால் தெருவில் பாதிப் பேர் தூக்கு எடுத்துக்கொண்டு மாவுக்கு வருவார்கள். மாவு வாங்க வருகிறவர்களிடமும் அக்கா எதையாவது கேட்பார். உங்க வூட்டு மாடியில சும்மா கெடக்கற பைப்பைத் தர்றியா, உன் மச்சான் ஏர்கூலர் ரிப்பேர் பண்றாராமே, பழைய மோட்டாரு ஒண்ணு இருந்தா பாக்கச் சொல்லேன், என்று போய்க்கொண்டே இருக்கும். கேட்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

“கேக்கறதுக்கு எனக்கு வாயி கீது. இல்லன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு வாயி கீது. இதுல வெக்கப்பட இன்னா கீது?” என்பார்.

இது பேச்சுக்குச் சொன்னதில்லை. யாராவது இல்லை என்றால் அவர் முகம் மாறவே மாறாது. அந்த ஆளுக்கு அன்று போடும் மாவில் ஒரு கரண்டி குறையாது. அதனால்தான் அக்கா கேட்ட ஆட்கள் பெரும்பாலும் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். இல்லை என்று சொல்ல நமக்குப் பயமாக இருப்பதே பிறகு வரும் கசப்பை நினைத்துத்தான். அக்காவிடம் அந்தக் கசப்பு இல்லை என்று தெரிந்த பிறகு கை தானாகக் கொடுத்துவிடும். நான் சுற்றிய ஊர்களில் பட்டினி கிடந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், சோறு இல்லாமல் கிடந்ததைவிடக் கேட்க வாய் வராமல் கிடந்ததுதான் அதிகம். அதனால் அவரை வேடிக்கை பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

எதற்காக இந்தத் தொட்டி என்று ஊரே அவரைக் கேட்டது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் கணவருக்குச் சிறுநீரகக் கல் எடுத்தபோது, வாசல் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டியைப் பார்த்திருக்கிறார். “பாத்தன். புடிச்சிது. நம்ம வூட்லயும் வோணும்னு தோணிச்சி. அவ்ளோதான்.” இதற்கு மேல் காரணம் எதுவும் அவரிடமிருந்து வந்ததில்லை. ஆண்பிள்ளை புல்லட் வாங்கினால் எவனும் காரணம் கேட்பதில்லை என்று ஒருமுறை சொன்னார், அதுவும் கிரைண்டரைக் கழுவிக்கொண்டே.

கொளத்தூர் வரை பேருந்தில் போய் மீன் கடைகளில் விசாரித்தார். கடையில் விற்கிற தொட்டி, உப்பு, விளக்கு எல்லாவற்றுக்கும் அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு செல்போனில் வீடியோ பார்த்தார். பேசுகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். “அவங்க பேசறது புரியல. அவங்க கை பண்றது புரியுது” என்றார்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாசல் கண்ணாடியைக் கேட்கப் போனார். கனமான கண்ணாடி, முனையில் ஒரு கீறல். தூக்கிப் போட்டுவிடத்தான் வைத்திருந்தார்கள். எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வகைக் கண்ணாடியை அறுக்க முடியாது, அறுத்தால் பொடிப்பொடியாகிவிடும். ஆகவே கண்ணாடியின் அளவுக்குத் தொட்டி என்று முடிவானது. முன்பக்கம் கண்ணாடி, மற்ற மூன்று பக்கமும் தரையும் சிமெண்ட். தண்ணீர்த் தொட்டி கட்டுகிற கொத்தனார்தான் கட்டினார். இரண்டு ஆள் கைகோத்து விரித்து நிற்கும் நீளம், மார்பளவு உயரம்.

புதுச் சிமெண்டில் காரம் இருக்கும், மீன் தாங்காது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அக்கா கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்தார், அழுகியதும் கொட்டினார், மறுபடி போட்டார். தெரு முழுக்க நாறியது. “மாவக்கா, கெழங்கான் மீனு வுட்டா சொல்லு, கொழம்பு வெச்சி குடுக்கறன்” என்று எதிர்வீட்டுக்காரம்மா கேலி பேசினார். “வெச்சா எனக்கும் ஒரு கிண்ணி குடு” என்றார் அக்கா. கேலிக்குள்ளும் ஒரு கேட்டல்.

உப்பின் அளவைப் பார்க்க ஒரு கருவி வேண்டும். அதையும் வாங்கவில்லை. பால் சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடிக் குச்சியில் பழையது ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். நான் கொண்டுவந்த கடல் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, தண்ணீர் மட்டம் தொடுகிற இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு மட்டத்தில் நின்றால் கடல். முழுகினால் உப்புக் குறைவு. மேலே எழும்பினால் உப்பு அதிகம், கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் தண்ணீர்தானே அதில் அளவு.

இதற்கெல்லாம் ஒரே ஒரு தடை இருந்தது, அது வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்த வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. இந்தப் பக்கம் அக்கா குடும்பம், அந்தப் பக்கம் கணவரின் அண்ணன் குடும்பம், நடுவில் இருவருக்கும் சொந்தமான கூடம். அண்ணன் கல்யாணத்துக்குப் பாத்திரம், நாற்காலி, பந்தல் வாடகைக்கு விடுகிறவர். ஊரில் பாத்திரக்காரர் என்றால் அவர்தான். கறாரான ஆள். வாக்கு என்றால் வாக்கு, தனக்கும் பிறருக்கும். தொட்டி கூடத்தில்தான் வர வேண்டும், வேறு இடத்தில் தரை தாங்காது. கட்டுவதற்கு முன்பே அக்கா கேட்டார். பாத்திரக்காரர் ஒரு நாள் பூராவும் யோசித்துவிட்டு என் முன்னால்தான் பதில் சொன்னார். நான் அப்போது கேன் இறக்கிக்கொண்டிருந்தேன்.

“தை பொறந்தா கல்யாண சீசன். புது நாற்காலி வருது, அடுக்க எடம் இல்ல. பொங்கல் அன்னிக்கி நான் வந்து பாப்பன். அதுல கடல் மீனு ஒண்ணாவது உசுரோட இருந்தா தொட்டி இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டன். இல்லன்னா தொட்டியை ஒடச்சி எடுத்துட்டு எனக்கு எடத்தை வுட்டுடணும்.”

“சரி, மாமா” என்றார் அக்கா.

“சரின்னு சொல்லிட்டு அப்பறம் அழக்கூடாது.”

“நான் எப்ப மாமா அழுதன்?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நான் தினமும் நான்கு கேன், இடம் இருந்தால் ஆறு கேன் என்று கொண்டுவந்தேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது. தொட்டியில் சிமெண்ட் காரம் இன்னும் போகவில்லை. கொண்டுவந்த தண்ணீரை எங்கே வைப்பது? ஆடியில் கல்யாணம் இல்லாததால் பாத்திரக்காரரின் பெரிய செப்பு அண்டாக்கள் பின்பக்கம் சும்மா கவிழ்ந்து கிடந்தன. அக்கா தன் ஓரகத்தியை, பாத்திரக்காரரின் மனைவியைக் கேட்டார். அந்த அம்மாவுக்கும் சந்தோஷம். கடல் தண்ணீர் தீர்த்தம், தீர்த்தத்தைப் பிளாஸ்டிக்கில் வைப்பதாவது, செம்பில் வைத்தால்தான் சுத்தம் என்றார். தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அண்டாக்களைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கடலை அதில் நிரப்பினோம். ஆடி அமாவாசைக்குத் தெருவே வந்து ஆளுக்கு ஒரு சொம்பு தலையில் ஊற்றிக்கொண்டு போனது. முதன்முறையாக எல்லோரும் அக்காவிடம் கேட்டார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆவணியில் தொட்டி நிரம்பியது. அண்டாக்கள் கழுவி, இருந்த இடத்தில் போய்ச் சேர்ந்தன. ஏர்கூலர் மோட்டார் தண்ணீரைச் சுற்றவிட்டது, பிளாஸ்டிக் பீப்பாய் வடிகட்டியானது, பைப்பில் துளைபோட்டு நுரை எடுக்கும் குழாய் செய்தார், மேலே திருவிழா விளக்கு ஒன்று. குப்பத்தில் பழைய வலைக்குக் கட்டியிருந்த, பாசி பிடித்த கற்களைக் கேட்டு வாங்கி வரச் சொன்னார். தண்ணீர் பழகுவதற்கு அந்தக் கல் வேண்டுமாம். “புது மாவுல ஒரு கரண்டி பழைய மாவு போட்டாத்தான புளிக்கும்? அதேதான்” என்றார். மாவைப் பார்ப்பது போலவே தினமும் தண்ணீரை மோந்து பார்ப்பார். ஒரு மாதம் போனதும், “இப்ப சரியா கீது” என்றார்.

கறுப்பு வரி போட்ட சின்ன மீன்கள், ஒரு பேத்தை மீன், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், கல்லோடு ஒட்டி வந்த கடல் சாமந்தி ஒன்று. நெல் விளைகிற ஊரின் நடுக்கூடத்தில் கடல் ஒன்று பூத்தது. மாவு வாங்க வந்தவர்கள் மாவை மறந்து நின்றார்கள்.

புரட்டாசி பிறந்ததும் நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து விழ ஆரம்பித்தன. சாமந்தி கொதிநீரில் போட்டது போலச் சுருங்கிவிட்டது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்பட்டுவிட்டது என்று யாரோ வாசலில் பூசணிக்காய் கட்டினார்கள். அக்கா கட்டவிட்டார், ஆனால் அதை நம்பியதாகத் தெரியவில்லை. தினமும் ஒரு நண்டை எடுத்துக் கொல்லையில் புதைத்தார். குப்பத்தில் கேட்டுவரச் சொன்னார், கேட்டேன். கொளத்தூர்க் கடைக்குப் போன் செய்து கேட்டார். யாருக்கும் புரியவில்லை.

அப்படி ஒரு நாள் காலையில் பாத்திரக்காரர் ஓர் அண்டாவைத் தரையில் உருட்டிக்கொண்டே கூடத்துக்குள் வந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

“இன்னா பண்ணி வெச்சிகீற இதுல? போன கல்யாணத்துல சமையக்காரன் பாயசத்தைக் கீழ கொட்டிட்டான். ஈயம் பூரா போயி பச்சையா களிம்பு பூத்துக் கீது பாரு. எல்லா அண்டாவும் இப்பிடித்தான். யாரு குடுத்தது ஒனக்கு?”

ஓரகத்தி உள்ளே போய்விட்டார். அக்கா அண்டாவை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தார். அடியிலிருந்து பாதி உயரம் வரை, கடல் நின்ற மட்டத்துக்கு, பாசிப்பச்சை. விரலால் தேய்த்தார். பிறகு திரும்பித் தொட்டியைப் பார்த்தார். புளிக்குழம்பை ஈயம் இல்லாத பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறும் என்று எங்கள் ஊரில் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். கடல் தண்ணீரும் அதைச் செய்யும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அது தீர்த்தம் என்பதால்.

“மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார் அக்கா.

“நான் திட்றன், நீ இன்னா பேசற?”

“இந்தக் களிம்புதான் மாமா நண்டைக் கொன்னுகீது. தண்ணி பூரா எறக்கணும். அண்டாக்கு நான் ஈயம் பூசித் தர்றன். எனக்கு உங்க பிளாஸ்டிக் டிரம்மு நாலு வோணும்.”

பாத்திரக்காரர் கொஞ்ச நேரம் அண்டாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. கண்ணாடிக்குள் வரி மீன்கள் கூட்டமாகத் திரும்பின. அவர் கறாரான ஆள் என்று சொன்னேனே, அது தனக்கு நஷ்டமானாலும் கறார்தான்.

“நான் சொன்னது மீனு” என்றார். “மீனு உசுரோடதான கீது. பொங்கல் வரிக்கும் இதே தண்ணில வுட்டு வெச்சாலும் இருக்கும். அப்பறம் எதுக்கு எறக்கற?”

“நண்டு செத்த தண்ணில மீனு மட்டும் நல்லாவா மாமா கீது? அதுக்குச் சொல்லத் தெரியல, அவ்ளோதான்.”

“தொட்டி போயிடும்.”

“போனா போவுது.”

தொட்டியை இறக்குவது நிரப்புவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. சாக்கடையில் விட்டால் அது ஏரிக் கால்வாயோடு சேர்ந்து நாற்றங்காலுக்குப் போகும். கொல்லையில் விட்டால் கிணறு உப்பாகிவிடும். யாரும் வந்து கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள். இருட்டினதும் வாசலில் ஊற்றினால் மழைத்தண்ணீர் என்று போயிருக்கும். அக்கா என்னைக் கூப்பிட்டார். “நெல்லு ஊர்ல உப்பை வுடறதா? எங்க இருந்து வந்திச்சோ அங்கயே கொண்டு போயிடு, தம்பி. புரட்டாசில ஒனக்கு வண்டி காலியாதான போவுது?”

அது உண்மை. புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி தொடாது, எனக்கு லோடு குறைவு. அந்த மாதம் முழுக்க நான் குட்டியானையில் கடலை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனேன். முதலில் டிரம்மில் போட்டு மீன்களைக் கொண்டுபோய் விட்டேன். பிறகு தண்ணீர். கரையில் நின்று கேன் கேனாகக் கவிழ்ப்பதைப் பார்த்து வலை பிரிக்கிற ஆட்கள், “இன்னாடா, கடல்ல தண்ணி கொறஞ்சி பூட்ச்சா?” என்று சிரித்தார்கள். எத்தனையோ ஊரில் எத்தனையோ சுமை ஏற்றியிருக்கிறேன். நிமிர்ந்து ஓட்டியது அந்த லோடைத்தான்.

தீபாவளிக்குப் பிறகு வேறு ஊருக்குப் போகலாம் என்று இருந்தேன். போகவில்லை. தொட்டி காலியாக இருக்கும்போது போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை. படகு போகவில்லை. கரையில் மொண்டுவந்த தண்ணீரில் பால் குச்சியை மிதக்கவிட்டால் நகப்பூச்சுப் பொட்டு உள்ளே முழுகிவிடும். ஆற்று வெள்ளம் கலந்த தண்ணீர். அக்கா ஒரு சொட்டுகூட ஊற்றாமல் திருப்பி அனுப்பினார். கணவர் அந்த வாரம் வந்தபோது முதல்முறையாக வாயைத் திறந்து, “கொஞ்சம் கல்லுப்பு போட்டு சரி பண்ணிக்கயேன்” என்றார். “உப்புல மட்டுமா கடல் கீது?” என்றார் அக்கா. அவர் தலையாட்டிவிட்டு, காலித் தொட்டியை இன்னொரு முறை களிம்பு போகக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்கழி பிறந்த பிறகுதான் கடல் தெளிந்தது. இந்த முறை எல்லாம் பிளாஸ்டிக். நான் ஒரு பயணத்தில் பெட்டிகளைவிடக் கேன்களே அதிகம் ஏற்றினேன். முதலாளி திட்டினார், கேட்டுக்கொண்டேன். பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னால் தொட்டி நிரம்பியது. கல் போட்டாயிற்று, மோட்டார் ஓடுகிறது, ஆனால் மாவு இன்னும் புளிக்கவில்லை. தண்ணீர் பழக ஒரு மாதம் ஆகும்.

“அக்கா, போகிக்கு முன்ன நாளு நாலு வரி மீனு கொண்டாந்து வுடறன். பொங்கல் அன்னிக்கி நல்லாதான் நீந்தும். அவரு பாத்துட்டுப் போகட்டும்” என்றேன்.

“அப்பறம்?”

“அப்பறம் செத்தா வேற வுட்டுக்கலாம்.”

அவர் மோட்டார் மேல் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். “சாகறதுக்குன்னு ஒண்ணைக் கொண்டாறதா, தம்பி?” என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. நான் மறுபடி அதைப் பேசவில்லை.

பொங்கலன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு குடும்பத்துப் பானையும் பொங்கி முடிந்தது. பாத்திரக்காரர் புது வேட்டியோடு கூடத்துக்கு வந்தார். பின்னால் உறவுக்காரர்கள், தெருக்காரர்கள். விளக்கு எரிந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. கற்கள் மட்டும் இருந்தன. அவர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். உண்மையாகவே தேடினார்.

“மீனு இல்ல, மாமா” என்றார் அக்கா. “தண்ணி இன்னும் பழகல. சொன்ன வாக்குப்படி எடம் உங்களுது. ஆனா கேக்கறன். மாசி வரிக்கும் குடுங்க.”

இத்தனை பேர் நடுவில் ஒரு பெண் தோற்றுவிட்டு, அதே மூச்சில் கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தலை குனியவில்லை. குரல் இறங்கவில்லை. முதல் நாள் என்னிடம் தண்ணீர் கேட்ட அதே குரல்.

பாத்திரக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “புரட்டாசிலயே மீனு இருந்திச்சி. நீயாதான் வோணாம்னு அனுப்ச்ச. இப்ப வந்து கேட்டா? இல்ல. குடுக்க முடியாது.”

“சரி, மாமா. எல வுழுந்து கீது, வாங்க சாப்ட” என்றார் அக்கா. அவருக்குத்தான் முதல் கரண்டி பொங்கல் வைத்தார். நெய்யும் குறையவில்லை. பாத்திரக்காரர் பாதியில் இலையை மூடிவிட்டார்.

காணும் பொங்கல் முடிந்து வண்டியில் நாற்காலிகள் வந்திறங்கின. சிவப்பு நாற்காலிகள், கூரையைத் தொடும் அடுக்கு அடுக்காக. நான் அன்று மாவு வாங்கப் போகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். தொட்டியின் மூன்று பக்கமும் சிமெண்ட் தெரியாமல் நாற்காலிகள் அடைத்திருந்தன. கண்ணாடி இருக்கும் முன்பக்கம் மட்டும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி விட்டிருந்தது. அந்த வழியில் அடுக்கில் சேராமல் இரண்டு நாற்காலிகள், கண்ணாடியைப் பார்த்தபடி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒடைக்க ஆளுக்குச் சொல்லிகீறன். வருவான்” என்றார் பாத்திரக்காரர், நான் எதையும் கேட்காமலே.

அடுத்த வாரம் கொத்தனாரை டீக்கடையில் பார்த்தபோது எப்போது உடைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். “எதை?” என்றார். “எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியே.” அக்காவிடம் வந்து சொன்னேன். அவர் கிரைண்டரில் உளுந்து போட்டுக்கொண்டே, “ஆளு வரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

மாசியில் ஒரு நாள் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு, “கொண்டாப்பா” என்றார். முதலில் நண்டுகளைத்தான் கேட்டார். அவை சங்கோடு கல்லின் மேல் ஏறி நடமாடி ஒரு வாரம் ஆன பிறகு, வரி மீன்கள். அந்த மீன்கள் இறங்கிய அன்று பாத்திரக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கணக்குப் பார்க்க வந்தவர் மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நண்டு கல்லைச் சுற்றி வரும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுங்க இன்னா துன்னும்?” என்றார்.

“எறா, மாமா. பச்சை எறா, பொடியா நறுக்கிப் போடணும்” என்றார் அக்கா. பிறகு, வேறு யாரிடமும் கேட்பது போலவே அவரிடமும் கேட்டார். “காலைல எனக்கு மாவு வேல சரியா இருக்கும். நீங்க வாங்கிக்கினு வர்றீங்களா?”

மறுநாள் காலையில் நான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். கல்யாண சீசனில் அந்த நேரத்துக்குப் பாத்திரக்காரருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். அவர் கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கோடு வரிசையில் நின்றிருந்தார், மீன்காரிகளுக்கு நடுவில். முறை வந்ததும் எறா பெட்டிக்குள் குனிந்து, ஒன்றை எடுத்து விரலால் அளந்து பார்த்துத் திரும்பப் போட்டார்.

“சின்னதா பாத்துப் போடு” என்றார். “பெருசு அதுங்க வாய்ல நொழையாது.”